கதிருக்கு, தனிநாடு பற்றி அம்மா

அன்புள்ள கதிர்,

ஸ்காட்லாந்து பிரிட்டனிலிருந்து பிரிந்து தனிநாடாக வேண்டுமா என்று போனில் ஆரம்பித்தால் இருவரும் கத்திவிட்டுத்தான் வைப்போம். அதனால்தான் எழுதுகிறேன். "இந்தியா 1947ல் கணக்குப் பார்த்தா சுதந்திரம் வாங்கியது?" என்று கேட்டாய். கைதட்டல் வாங்கும் கேள்விதான். ஆனால் சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோவின் சிலையை உனக்குக் காட்டுவேனே, அவர் பிறந்தது நீ இப்போது குடியிருக்கும் கிளாஸ்கோவில். மதராஸ் கவர்னராக இருந்து அங்கேயே செத்தும் போனார். நம்மை ஆள ஆள் அனுப்பிய ஊரையும் ஆளப்பட்ட நம் ஊரையும் ஒரே தராசில் வைக்காதே. 1707ல் இங்கிலாந்தோடு இணைவதற்கு ஓட்டுப் போட்டது ஸ்காட்லாந்தின் சொந்தப் பாராளுமன்றம். காசு கைமாறியது, மக்களை யாரும் கேட்கவில்லை, எல்லாம் வாஸ்தவம். இருந்தாலும் இது காலனி இல்லை.

பிரிந்து போகும் உரிமை இவர்களுக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. லண்டன் சம்மதிக்காமல் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசு வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் எப்போது, எந்த வழியில் கேட்கலாம் என்று லண்டன் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கும் எரிச்சல்தான். என் சந்தேகமெல்லாம் பிரிந்தபிறகு என்ன செய்வார்கள் என்பதில்.

முதலில் நாணயம். ஸ்காட்லாந்து வங்கி அச்சடித்த நோட்டை லண்டன் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று கொதித்தாயே, அந்த நோட்டுக்கு ஈடாக நிற்பது இங்கிலாந்து வங்கியில் போட்டு வைத்திருக்கும் பணம். 2014ல் தனிநாடு வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, வேண்டும் என்றவர்கள் பவுண்டைப் பங்குபோட்டுக்கொள்வோம் என்றார்கள். லண்டன் முடியாது என்றது. இப்போது தனிநாடு கேட்கும் உன் கட்சி, கொஞ்ச காலம் உடன்பாடு இல்லாமலே பவுண்டை வைத்துக்கொண்டு, பிறகு சொந்த நாணயம் என்கிறது. எத்தனை காலம் என்று கேட்டால் பதில் வழுக்குகிறது. இதை உன் வீட்டுக் கடனில் வைத்துப் பார். கடன் வாங்கியது பவுண்டில். சம்பளம் புது நாணயத்துக்கு மாறி, அது 10 சதவீதம் இறங்கினால், உன் மாதத் தவணை 11 சதவீதம் ஏறும். அந்தக் கொஞ்ச காலத்தில் வட்டி விகிதத்தை முடிவு செய்யப்போவதும் லண்டன்தான். அதுவும் இப்போதாவது ஸ்காட்லாந்தையும் சேர்த்து யோசிக்கிறார்கள்.

வட கடல் எண்ணெயைப் பற்றி, அந்தத் தொழிலை நம்பி வாழும் அபர்தீனில் இருக்கிறவளுக்குச் சொல்ல வேண்டாம். தனிநாடானால் என்ன செய்வோம் என்று ஸ்காட்லாந்து அரசு 2013ல் போட்ட வெள்ளை அறிக்கை, பீப்பாய்க்கு 100 டாலருக்கும் மேல் என்று வைத்துக் கணக்குப் போட்டது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் சம்பளப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுக்கும் வேலை என் மேஜைக்குத்தான் வந்தது. பாதிப் பேர் நம் வீட்டில் பொங்கலுக்குச் சாப்பிட்டவர்கள். நார்வே மாதிரி எண்ணெய்ப் பணத்தை அன்றே சேர்த்து வைத்திருக்கலாம் என்பாய். சேர்த்திருக்கலாம்தான். அது போன தலைமுறை மேல் இருக்கும் வருத்தம். வரும் வருஷத்து பட்ஜெட்டுக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. ஸ்காட்லாந்து அரசே போட்ட கணக்கில் 2023-24ல் பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 10.4 சதவீதம். பிரிட்டன் முழுவதற்கும் 4.5. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்பார்ப்பது 3. அது பிரிட்டனுக்குள் இருக்கும்போது போட்ட கணக்கு, தனிநாட்டின் கணக்கு வேறாக இருக்கும் என்கிறாய். இருக்கலாம். எந்தச் செலவைக் குறைத்து, எந்த வரியை ஏற்றி என்று ஒரு பக்கம் எழுதிக் காட்டச் சொல், படிக்கிறேன்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 2016ல் ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஐரோப்பாவில் இருப்போம் என்று சொல்லியும் வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோபத்தில்தான் நீ கொடியைக் கையில் எடுத்தாய். அன்று சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. பெரிய சந்தையை விட்டு வெளியேறினால் எல்லையில் காகிதம் குவியும், சின்ன வியாபாரி சாவான், பொய்யான வாக்குறுதியை நம்பி மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்றாய். அத்தனையும் நடந்தது. 2021 ஜனவரியில் ஸ்காட்லாந்து மீன்காரர்கள் லாரிகளை லண்டனில் பிரதமர் இருக்கும் டவுனிங் தெரு வாசல் வரை ஓட்டிக்கொண்டு போனார்கள். நண்டும் இறாலும் சான்றிதழுக்காகக் காத்துக் கிடந்து கெட்டுப்போன கதையை மீன்பிடித் துறைமுகமான பீட்டர்ஹெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் ஏறத்தாழ 60 சதவீதம் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போவது அந்த 60ல் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எடின்பரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்து, லண்டன் வெளியிலேயே இருந்தால், அதே காகிதம் இங்கிலாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னாவிலும் பெரிக்கிலும் வந்து நிற்கும். ஐரோப்பாவுக்குச் சரக்கு போகும் டோவர் துறைமுகத்தில் கூடாது என்று நீ சொன்னது கிரெட்னாவில் மட்டும் எப்படிச் சரியாகும்? அங்கே போகிற சரக்கு இன்னும் அதிகம். உன் கட்சிக்காரர்கள் நல்ல பேச்சாளர்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த இடம் வந்ததும் டென்மார்க், அயர்லாந்து என்று ஊர் சுற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"நீ பயத்தில் ஓட்டுப் போட்டாய்" என்றாய் பார், அது மட்டும் சுட்டது. இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்த எனக்கும், பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கும் 2014ல் ஓட்டுக் கொடுத்த ஊர் இது. அந்த மரியாதைக்காகவே வெள்ளை அறிக்கையை வாங்கிவந்து ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். அப்புறம்தான் வேண்டாம் என்று குத்தினேன். இன்னொரு வாக்கெடுப்பு வந்தால் மறுபடியும் அப்படித்தான் படிப்பேன். நாணயத்துக்குக்கூட உங்களால் ஒரு பதில் கண்டுபிடிக்க முடியும் என்று நினைக்கிறேன். எல்லைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று எழுது. அப்பாவைத் துணைக்குக் கூப்பிடாதே. அவர் 2014லேயே உங்கள் பக்கம் குத்திவிட்டு, இன்றுவரை காரணம் கேட்டால் சிரிக்கிறார்.

அன்புடன்,
அம்மா