அண்ணா, அவர்களுக்கு இரத்தம் இல்லை

அண்ணா,

நேற்று அம்மாவின் அலுமாரியை ஒதுக்கினேன். வீட்டைக் கொடுக்கிற கதை உங்களுக்குத் தெரியும், அதை விடுவோம். கீழ்த்தட்டில், சேலைகளுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் உங்கள் வீடியோ கசற் கிடந்தது. முதுகில் நீல மையில் உங்கள் எழுத்து: "பிளேக்ஸ் 7, கடைசிப் பாகம். அழிக்க வேண்டாம்." அம்மாவுக்கு அது என்ன தொடர் என்றே தெரியாது. ஆனால் கசற்றைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறா.

இன்று டிசம்பர் 21. 1981இல் இதே நாளில்தான், கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்க, பிபிசி அந்த விண்வெளித் தொடரின் கடைசிப் பாகத்தை ஒளிபரப்பியது. அப்போது நீங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள், நான் பிறக்கவேயில்லை. இருந்தும் ஒவ்வொரு வருஷமும் இந்த நாள் வந்தால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும். நேயர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த அறிவியல் புனைவுத் தொடர்களை, கடைசி இடத்தில் இருந்து முதலிடம் வரை ஒவ்வொன்றாகக் காட்டினார்களே, அந்த இரவு.

அந்த வருஷங்களில் இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் எதற்கெடுத்தாலும் இப்படி ஒரு வரிசை. உங்களுக்கோ இது திருவிழா. பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்துகொண்டே ஒன்பது தரம் போன் எடுத்து வாக்குப் போட்டதாகச் சொன்னீர்கள். அன்றைக்கு லீவும் எடுத்தீர்கள். டொக்டர் ஹூ தொடர் 1989இல் நின்று போய், திரும்பி வரும் என்ற நம்பிக்கையே இல்லாத காலம் அது. "நிண்டு போன ஒண்டுக்குச் சனம் இவ்வளவு வாக்குப் போடுது, பார்" என்று சந்தோஷப்பட்டீர்கள். ஸ்டார் ட்ரெக் தொடர் 1968இல் நிற்கப் போன நேரம் ரசிகர்கள் கடிதம் எழுதி எழுதி மூன்றாவது வருஷத்துக்கு இழுத்த கதையை அன்றும் சொன்னீர்கள். நான் அதைப் பத்துத் தரமாவது கேட்டிருப்பேன்.

பிறகு பிளேக்ஸ் 7 வந்தது. எத்தனையாவது இடம் என்பது மறந்துவிட்டது. ஐம்பத்திரண்டு பாகத்தில் இருந்து ஒரு நிமிஷம் காட்டினார்கள். யாரோ ஒரு நகைச்சுவை நடிகர் வந்து, செட் ஆடுகிறது, சுவர் அட்டை என்றார். அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி. பிளேக்தான் அந்தக் கூட்டத்தின் பழைய தலைவன். அவனோடு ஒரே பக்கத்தில் நின்ற ஏவனே அவனைச் சுடுகிறான். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள்.

நீங்கள் எழும்பித் திரைக்குக் கிட்டப் போய் விரலை வைத்தீர்கள். "இஞ்ச பார், ரத்தம் பிளேக்குக்கு மட்டும்தான். மற்ற ஆக்களுக்கு ஒரு துளியும் இல்லை. இவை சாகேல்லை, மயங்கித்தான் கிடக்கினம்."

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், "இந்த அட்டைப் பெட்டிக்கா அண்ணா ஒன்பது வோட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன், என் சிநேகிதிகளுக்கும் விளங்கட்டும் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் குசினிக்குள் போனீர்கள். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடியது. கழுவ அங்கே ஒன்றும் இருக்கவில்லை, நான்தான் பின்னேரமே எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தேன்.

அன்று அந்த அறையில் இருந்த இரண்டு பேராவது இதை வாசிப்பார்கள். அவர்களில் யாரையும் நான் குறை சொல்லவில்லை. சிரிப்பைத் தொடக்கியது நான்.

எனக்குப் பதினேழு வயது அண்ணா. வகுப்பில் என் பெயரை ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. அந்த இரண்டு பெட்டைகள் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாம்பிராணி மணம், கறி மணம், பெற்றோல் மணக்கும் உங்கள் ஜக்கெற், எல்லாவற்றுக்கும் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. இல்லை, கொஞ்சம் நியாயமும்தான். உங்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் எதையாவது சொன்னீர்களா?

அம்மாவின் சாமித்தட்டில் மூன்று பெடியன்களின் படம் இருந்தது. யார் என்று கேட்டால் "அண்ணாவோட படிச்ச பிள்ளைகள்" என்பா, அதோடு கதை முடிந்துவிடும். அவர்களுக்கு என்ன நடந்தது என்பதை முப்பது வயதில், ஒரு கலியாண வீட்டில், வேறொருவர் வாயால் கேட்டேன். யார் சுட்டது என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாருக்கு நோகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே பக்கத்தில் நின்றவர்கள், ஒருவரை ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டவர்கள், இவ்வளவும் போதும். அன்றிரவு வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் ஏவன் ஞாபகம் வந்தது. பிளேக் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்துத்தானே ஏவன் சுடுகிறான். பிளேக் விளக்கம் சொல்லிக்கொண்டே கிட்ட வருகிறான், அதற்குள் வெடி விழுகிறது.

அந்தத் திரையில் நீங்கள் யாரை எண்ணினீர்கள் என்று பதின்மூன்று வருஷம் கழித்து விளங்கியது. மன்னியுங்கள் அண்ணா.

ஆனால் அம்மாவின் ஆட்டைத்திவசத்துக்கு நீங்கள் வரவில்லை. ரொறன்ரோவில் இருந்து ஏழு மணித்தியாலப் பறப்பு. ஐயர் உங்கள் பெயரைக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தச் சிரிப்பும் இதுவும் சரிக்குச் சரி என்று நீங்கள் நினைத்தால், அது வேறு கணக்கு. அம்மா உங்கள் கசற்றைத் தன் கூறைச்சேலைக்கு அடியில் வைத்திருந்தவ.

பக்கத்து வீட்டுக் கிழவரிடம் பழைய வீடியோ டெக் ஒன்று இருந்தது, இரவல் வாங்கி நேற்றிரவு போட்டேன். படம் நல்ல தெளிவாகத்தான் இருந்தது, அந்தக் கடைசி நிமிஷம் வரும்வரை. அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன, சத்தம் இழுபடுகிறது. எத்தனை தரம் அதே இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பப் பார்த்திருப்பீர்கள் அண்ணா? ரேப் அங்கேதான் தேய்ந்திருக்கிறது.

கோடுகளுக்கு ஊடாகப் பார்த்தேன். டெய்னா விழுகிறாள். விலா விழுகிறான். சூலின், பிறகு டரன்ட். ஒருவரிலும் இரத்தம் இல்லை. நீங்கள் சொன்னது சரி.

வீட்டுத் திறப்பை ஜனவரி நடுவில் கொடுக்க வேண்டும். கசற்றை நான் தபாலில் அனுப்ப மாட்டேன். டெக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, கிழவரும் அவசரம் இல்லை என்றார்.