20ஆம் எண் நூல்கண்டுகளில் பருமன் வேறுபாடு: புகார்

அனுப்புநர்: குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) வேலை செய்யும் வாடிக்கையாளர், திசையன்விளை, திருநெல்வேலி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

தங்கள் நிறுவனத்தின் 20ஆம் எண் வெள்ளைப் பருத்தி நூல்கண்டுகளைத் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கி, திருமண வீட்டார் ஒருவருக்காக வட்ட மேசை விரிப்பு பின்னி வந்தேன். முதல் கண்டுகளில் குறையில்லை. அடுத்த கண்டைத் தொடுத்ததும் விரிப்பின் ஓரம் படியாமல் எழும்பியது. இதைத் தெரிவித்தபோது, என் கை இறுக்கம் மாறியதே காரணம் என்று தங்கள் பிரிவு பதில் அனுப்பியது. அந்தப் பதிலை என்னால் ஏற்க இயலாது.

டிரெபிள் கண்ணியில் (ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிப் போடும் உயரமான கண்ணி) வட்டம் பின்னும்போது, சுற்றுக்கு 12 கண்ணிகளைச் சீராகக் கூட்டிக்கொண்டே போனால்தான் துணி தட்டையாகப் படியும். கூட்டல் குறைந்தால் நடுவில் குழியும், மிகுந்தால் ஓரம் கொசுவம் வைத்ததுபோல் மடியும். கூட்டல் கணக்கும் 1.25 மி.மீ. ஊசியும் மாறாதிருக்க, ஓரம் மட்டும் மடிகிறதென்றால், ஒவ்வொரு கண்ணியும் முன்னைவிட அகலமாக விழுகிறது என்றே பொருள். இரண்டு நூல்களையும் அடிக்கோலின் மேல் இழையோடு இழை ஒட்டும்படி சுற்றிப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்குள் முந்தைய நூல் அடங்கிய அளவுக்குப் பிந்தைய நூல் அடங்கவில்லை. குரோஷா நூலில் எண் கூடக் கூட நூல் மெலியும் என்பது தாங்கள் அறியாததன்று. 20 என்று அச்சிட்ட உறைக்குள் அதைவிடத் தடித்த நூல் இருந்திருக்கிறது.

பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த இடையன்குடி எங்களுக்கு அருகில்தான் உள்ளது. அது திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் வேறு வேலை என்றாலும், நூல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. பீடி சுற்றுவதை விட்டு இத்தொழிலுக்கு வந்த பெண்கள் உறையிலுள்ள எண்ணை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள்.

தடித்த நூலில் பின்னிய சுற்றுகள் அனைத்தையும் பிரித்துவிட்டேன். பிரித்த நூல் பளபளப்பு மங்கிப் பிசிராகிவிட்டதால் மறுபடி பயன்படாது. விரிப்பையும் சொன்ன நாளில் கொடுக்க முடியவில்லை.

ஆகவே, ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த, பருமன் சரிபார்த்த கண்டுகளை மாற்றித் தரவும், என் கைமேல் பழி சுமத்திய பதிலை எழுத்து மூலம் திரும்பப் பெறவும், கடைகளில் உள்ள அதே தொகுதிக் கண்டுகளைச் சோதித்து விலக்கவும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். ரசீது, உறைகள், இரு நூல்களின் மாதிரிகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்