பெல்ட் நமக்காக நடப்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிரெட்மில்லில் நடப்பது நடையே இல்லை, பெல்ட்தான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது, நாம் சும்மா தூக்கித் தூக்கி வைக்கிறோம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கள் புளோக் நடைக் குழுவிலும் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, இரவில் ஜிம்முக்குப் போகிற பெண்களைப் பார்த்து "அங்க போய் ஏன்மா காசைக் கொட்டுறீங்க, கீழ இறங்கி நடந்தா போதாதா" என்று அறிவுரை வேறு.

பெல்ட் விஷயம் சுத்தமாகத் தவறு. எம்ஆர்டி ரயில் சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து பாருங்கள், பிளாட்பாரத்தில் நடக்கிற அதே உழைப்புதான். காலடியில் இருப்பது நகர்கிறதா நிற்கிறதா என்பது உடம்புக்கு ஒரு பொருட்டே இல்லை. வெளியே ஓடும்போது கூடுதலாகச் செலவாவது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு போகிற உழைப்பு. அதை ஈடுகட்டத்தான் சாய்வை 1 சதவீதம் ஏற்றி வைக்கச் சொல்கிறார்கள். ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்ட கணக்கு அது. ஆனால் அவர்கள் சோதித்தது மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய, நன்றாகப் பயிற்சி எடுத்த ஆட்களை. மணிக்கு 5 கிலோமீட்டரில் பேசிக்கொண்டே நடக்கிற நமக்கு அந்தச் சாய்வு அவசியமே இல்லை.

உண்மையில் ஏமாற்றுகிறது கைப்பிடிதான். வேகத்தைக் கூட்டிவிட்டு, இரண்டு கையாலும் கம்பியில் சாய்ந்து தொங்கிக்கொண்டு நடப்பவர்களை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். வேகம், சாய்வு, எடை இவற்றை வைத்துத் திரை ஒரு கலோரிக் கணக்குக் காட்டும், உங்கள் பாரத்தில் ஒரு பங்கைக் கம்பி தாங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. பிடித்துக்கொள்ளாமல் நடக்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான். (மூட்டு அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பக்கவாதத்திலிருந்து தேறி வருகிறவர்கள் கதை வேறு, அவர்களுக்குக் கம்பி வேண்டும்.)

அடுத்து வெயில், வியர்வை. டிரெட்மில்லா வெளியிலா என்று இணையத்தில் படிப்பதெல்லாம் பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் எழுதியது. நம் சிங்கப்பூரின் பிரச்சினை ஈரப்பதம். வியர்வை வழிந்து சொட்டினால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். வெளியே நடக்கும்போது நம் நகர்வே கொஞ்சம் காற்றை உண்டாக்குகிறது. டிரெட்மில்லில் நின்ற இடத்திலேயே நடப்பதால் அதுவும் இல்லை, ஆகவே வீட்டு அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு மின்விசிறி இல்லாமல் ஓடுவது பூங்காவில் ஓடுவதைவிட மோசமாகக்கூடப் போகலாம். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் காலை ஐந்து மணிக்குத் தடதடவென்று கேட்பது தனிப் பஞ்சாயத்து.

அதேபோல மத்தியான வெயிலில் பூங்கா இணைப்புப் பாதையில் ஓடி வீரம் காட்டவும் வேண்டாம். வெப்ப அழுத்த ஆலோசனை என்று ஒன்றை 2023 ஜூலையிலிருந்து வெளியிடுகிறார்கள், அரசாங்கத்தின் மைஎன்வி செயலியிலேயே பார்க்கலாம். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துப் போடுகிற கணக்கு அது. 31 டிகிரிக்குக் கீழே என்றால் வெப்ப அழுத்தம் குறைவு, 33-ஐத் தொட்டால் அதிகம். இது சாதாரண வெப்பநிலை அளவு இல்லை என்பதால் 33 தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் கேள்வியே இல்லை. 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 401-ஐத் தொட்டபோது வெளியே ஓடுவதை நினைத்துப் பார்க்க முடியுமா?

சரி, அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா என்றால், இல்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் வெளி நடையைத்தான் சொல்வேன், ஆனால் காரணம் பெல்ட் இல்லை. பெல்ட் நேராக, சமமாக, ஒரே சீராக ஓடும். வெளியே வேர் தூக்கிய நடைபாதை, ஈரமான சாக்கடை மூடி, பின்னால் மணியடிக்கிற சைக்கிள் எல்லாம் உண்டு. ஒவ்வொரு முறையும் கணுக்கால் தன்னைத் திருத்திக்கொள்கிறது, கண்ணும் காலும் சேர்ந்து வேலை செய்கின்றன. வயதான காலத்தில் கீழே விழாமல் இருக்க இந்தப் பழக்கம் வேண்டும். இறக்கம் இன்னொன்று. பெரும்பாலான டிரெட்மில்கள் மேலே சாயும், கீழே சாயாது. புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான், ஆனால் ஏறியதைவிட இறங்கியதற்குத்தான் மறுநாள் தொடை வலிக்கும். இறங்கும்போது அந்தத் தசைகள் செய்கிற வேலை ஜிம் பெல்ட்டில் கிடைப்பதில்லை.

கடைசியாக, சமூக நடை நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே சூரியன் உதிப்பதே ஏறக்குறைய ஏழு மணிக்கு, அதற்கு முந்திய அரை மணி நேரம்தான் நடக்க அருமையான நேரம். ஏழரைக்குக் கூட்டி, சிறப்பு விருந்தினர் வந்து, உரையாற்றி, படமெடுத்து, கொடியசைத்து எட்டரைக்கு முதியவர்களை நடக்க விடுகிறீர்கள். ஆறரைக்கு நடையைத் தொடங்கிவிடுங்கள் ஐயா, உரையை அப்புறம் பசியாறும்போது வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்