பஸ் குனிகிறது, ஸ்டாப்பில் இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 78. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒரு தடவை கண் பரிசோதனைக்காகப் பெரம்பூரிலிருந்து எழும்பூருக்கு அழைத்துப் போகிறேன். முன்பெல்லாம் ஆட்டோதான். பழைய பஸ்ஸில் முதல் படியில் கால் வைத்ததுமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். "நமக்கு எதுக்குடி பஸ்ஸு" என்று இறங்கிவிடுவார்.

சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி வந்தது 2024 ஆகஸ்டில். 2025 ஜூனில் எங்களுக்குப் பக்கத்திலேயே, வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. ஏறும் வாசலில் படியே கிடையாது. டிரைவர் பட்டனை அழுத்தினால் 'உஸ்' என்று இடது பக்கம் தாழ்ந்து கொடுக்கும். முதல் தடவை பார்த்தபோது அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கு எங்கள் ஸ்டாப்பில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்று எல்லா வண்டிகளையும் கிளப்பிவிட்டிருந்தார். பஸ் நடைபாதையை ஒட்டி வந்து நின்றது. அம்மா என் கையைக்கூடப் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாசப்படி தாண்டுற மாதிரி இருக்கே" என்றார்.

அப்படி ஒரு நாள் அதற்கப்புறம் அமையவில்லை. போன மாதம் நிழற்குடைக்கு முன்னால் ஏழெட்டு பைக், இரண்டு ஷேர் ஆட்டோ, ஒரு இளநீர் வண்டி. பஸ் நடுரோட்டில்தான் நின்றது. டிரைவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் எங்கே ஒதுக்குவார்? அம்மா நடைபாதையிலிருந்து இறங்கி, இரண்டு பைக்குகளுக்கு நடுவே நுழைந்தார். புடவை ஒரு பைக்கின் ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டிக்கொண்டது. நான் குனிந்து அதை எடுத்துவிடுவதற்குள், பஸ்ஸுக்கும் எங்களுக்கும் இருந்த சந்தில் ஒருவர் பைக்கை நுழைத்து ஓட்டிப் போனார். அம்மா பயந்துபோனார்.

இந்த பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. நடைபாதை அரை அடி உயரம் இருந்தால், அங்கிருந்து ஏறுவது சுலபம். ரோட்டிலிருந்து ஏறினால் அது அம்மாவின் முழங்கால் உயரம். பஸ் எவ்வளவுதான் குனிந்தாலும் ரோட்டில் நிற்பவருக்குப் பாதிப் பலன்தான். சக்கர நாற்காலியில் வருபவர் பாடு இன்னும் மோசம். நடு வாசலில் இருக்கும் சாய்வுப் பலகையை விரிக்கவே இடம் வேண்டுமே! பஸ் நிறுத்தங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. பஸ் வாங்கியதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. தாழ்தளப் பேருந்து போகும் தடங்களில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பஸ் வந்து ஒதுங்கும் அளவுக்கு, 12 மீட்டர் பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, மஞ்சள் கட்டம் போடுங்கள். அதற்குள் நிற்கும் வண்டிக்கு அபராதம் போடுங்கள். இளநீர்க்காரருக்கு நாலு அடி தள்ளி இடம் கொடுத்தால் அவர் பிழைப்பும் கெடாது. இதைக் காவல் துறையும் மாநகராட்சியும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அடுத்த மாதம் மறுபடி எழும்பூர் போக வேண்டும். ஆட்டோவிலேயே போய்விடலாம் என்கிறார் அம்மா. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.