ஓரத் துண்டுகளை அனுப்பிய அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கத்துச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பு நின்றுபோகும்படி நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. எங்கள் சனிக்கிழமை ஓவிய வகுப்பு மறுபடி நடக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து வரைகிறார்கள். அதற்கு ஒரே காரணம் நீங்கள். மனசு இன்னும் ஆறவில்லை, ஆனாலும் நன்றியைத் தள்ளிப்போடக் கூடாது என்று இதை எழுதுகிறோம்.

வகுப்பு நடத்தத் தன் வீட்டு முகப்பை, அதாவது வாசலை ஒட்டிய முன்கட்டை, திறந்துவிட்ட ஆச்சிக்கு நன்றி. "கறை படிஞ்சாப் படியட்டும், புள்ளைகதானே" என்று சொன்னீர்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, சாயத்தைக் குடித்துவிடும் என்பதால் கீழே பழைய பேனர், அதன்மேல் ஜமுக்காளம் என்று விரித்துத்தான் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். தரை பத்திரமாக இருக்கிறது, ஆச்சி. தண்ணீர் வைக்கக் காலி டின்களைச் சேர்த்துக் கொடுத்த சத்துணவு அக்கா, கறுப்பாக விழும் 4பி பென்சில் பெட்டியைக் கொடுத்துவிட்டு "காசு அப்புறம்" என்ற ஸ்டேஷனரிக் கடைக்காரர், சாமான்களை ஏற்றி இறக்கி வாடகை வாங்காத ஆட்டோத் தம்பி, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்து பணம் அனுப்பியும் பெயர் போட வேண்டாம் என்ற பழைய மாணவர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். ஆனால் இந்த மடலில் பெரும்பகுதியை ஒருவருக்குக் கொடுக்கப் போகிறோம், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி.

அச்சகத்தில் கட்டிங் மெஷின் பார்க்கும் அண்ணே, இது உங்களுக்கு.

முகூர்த்த மாதம். கல்யாணப் பத்திரிகை வேலை மலையாகக் குவிந்து கிடக்கும் நேரம். உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. காகிதம் வெட்டும்போது மிஞ்சி விழுந்து, பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போக வேண்டிய ஓரத் துண்டுகளைச் சாக்கில் கொட்டி அனுப்பியிருந்தாலே நாங்கள் நன்றி சொல்லியிருப்போம். நீங்கள் ஐந்து கட்டாகப் பிரித்து, நூலால் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சிலால் ஒரு வரி எழுதி அனுப்பினீர்கள்.

"சொரசொரப்பு. பென்சிலுக்கு." அது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) மேப்லித்தோ, பூச்சில்லாத அச்சுக் காகிதம். பில் புத்தகமும் நோட்டீசும் அடித்து மிஞ்சியது.

"தடி. தண்ணிக் கலருக்கு." பத்திரிகை அட்டையின் பூச்சில்லாத வகை.

"வழவழப்பு. பென்சில் ஏறாது. வெட்டி ஒட்ட மட்டும்." ஆர்ட் பேப்பர். இதைப் பிரித்து வைத்தது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது பிள்ளைகளோடு உட்காரும் எங்களுக்குத்தான் தெரியும். ஆர்ட் பேப்பரின் மேல் களிமண் பூச்சு இருப்பதால் பென்சில் வழுக்கும், கோடு வெளுப்பாக விழும். பிள்ளை அழுத்தும், முனை உடையும். போஸ்டர் கலர் பூசினாலோ திட்டுத்திட்டாக நின்று, காய்ந்தபின் மடக்கினால் உதிரும். எட்டு வயதுப் பிள்ளை அந்தக் குறையைக் காகிதத்தின் மேல் போடாது, "எனக்கு வரைய வராது" என்று தன்மேல் போட்டுக்கொள்ளும். நல்ல கை பல இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

நான்காவது கட்டில், "நார் நீளவாக்கு. அப்படியே மடிச்சா உடையாது." இதை எழுத வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியதோ! காகிதத்தில் நார் ஒரு திசையில் ஓடும். நாரோட்டத்தை ஒட்டி மடித்தால் மடிப்பு கத்தி போல விழும், குறுக்கே மடித்தால் தடிக் காகிதம் வெடிக்கும். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அவ்வளவாக மாறாது, தடிமனில்தான் உப்பும். அதனால்தான் ஒரு பக்கம் வண்ணம் பூசிய தாள் நாரோட்டத்தை அச்சாக வைத்துக்கொண்டு சுருளும். இப்போது நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே ஒரு பாடமாக்கிவிட்டோம். ஒரு துண்டை நீளவாக்கிலும் குறுக்கேயும் கிழிக்கச் சொல்கிறோம். நேராகக் கிழிந்தால் அதுதான் நார் போகும் திசை, பல்லுப்பல்லாகக் கிழிந்தால் குறுக்கு. பிறகு விசிறி மடிப்பில் சின்னப் புத்தகம் செய்கிறார்கள். மடிப்பு ஏன் சிலருக்கு ஒழுங்காக வந்தது, சிலருக்கு ஏன் வரவில்லை என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

ஐந்தாவது கட்டைப் பிரித்தபோதுதான் கண் கலங்கியது. கெட்டி அட்டை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. "சின்னப் புள்ளைகளுக்கு" என்று எழுதியிருந்தீர்கள். விசிட்டிங் கார்டு மூலை மழுக்கும் கருவியில் கொடுத்து, நாலு மூலையையும் வட்டமாக வெட்டியிருந்தீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் நெருக்கி உட்கார்ந்து, குனிந்து, பக்கத்தில் இருப்பவரிடம் சட்டென்று திரும்பிக் காட்டுவார்கள். 300 ஜிஎஸ்எம் அட்டையின் மூலை கண்ணுக்கு நேரே வரும். வகுப்பு எடுப்பவர்களுக்கே பல நேரம் தோன்றாத ஒன்று, மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்த உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. முகம் தெரியாத பிள்ளைகளின் கண்ணை நினைத்து ஒவ்வொரு அட்டைக்கும் நாலு தடவை கைப்பிடியை அழுத்தியிருக்கிறீர்கள். இதற்கு என்ன கைம்மாறு செய்வது, அண்ணே?

அந்தத் துண்டுகள் எப்படிப் பயன்படுகின்றன என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் அளவு. ஒரு முழுச் சார்ட் பேப்பர் 22க்கு 28 அங்குலம். அதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால், ஒன்று மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஏதோ வரையும், அல்லது ரெண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை என்று ஊர் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் போடும் அந்தப் படத்தைப் போடும். குன்றக்குடிக் குன்றைத் தவிர வேறு மலை பார்த்திராத பிள்ளைகூட அப்படித்தான் போடும். உங்கள் துண்டு 2 அங்குல அகலம், 9 அங்குல நீளம். அதில் அந்தப் படம் நுழையவே நுழையாது. நிறுத்தி வைத்தால் பனைமரம், தேக்குத் தூண், முருங்கைக்காய். படுக்க வைத்தால் பல்லவன் எக்ஸ்பிரஸ், ரேஷன் கடை வரிசை, திண்ணையில் படுத்திருக்கும் அப்பத்தா. பிள்ளைகள் சுற்றிலும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். காகிதத்தின் வடிவமே கேள்வி கேட்கிறது, நாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது நிழல் ஏற்றும் படி. துண்டை ஐந்து கட்டமாகப் பிரிக்கிறோம். இடமிருந்து வலமாக வெளுப்பிலிருந்து கறுப்புக்குப் போகச் சொன்னால் மூன்றாவது கட்டத்திலேயே முழுக் கறுப்பு வந்துவிடும், மீதி இரண்டும் ஒரே மாதிரி நிற்கும். கை தன்னையறியாமல் அழுத்தம் கூட்டிக்கொண்டே போவதுதான் காரணம். அதனால் முதல் கட்டத்தை வெற்றுக் காகிதமாக விட்டுவிட்டு, கடைசிக் கட்டத்தை 4பி பென்சிலால் முடிந்தவரை கறுப்பாக்கச் சொல்கிறோம். பிறகு நடுக்கட்டம், கடைசியில் இரண்டாவதும் நான்காவதும். அழுத்திக் கறுப்பாக்கக் கூடாது, மெல்லிய அடுக்கின்மேல் இன்னொரு அடுக்கு, கோட்டின் திசையை மாற்றி மாற்றி. முனையால் தேய்க்காமல் பென்சிலைச் சாய்த்துப் பக்கவாட்டில் தேய்த்தால் பட்டை பட்டையாகத் தெரியாது. சொரசொரப்புத் தாள் இல்லாமல் இது நடக்காது, பென்சில் கரியைப் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பு வேண்டும்.

இந்த ஐந்து கட்டத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆச்சி வீட்டுத் தூணைப் பார்க்கிறார்கள். வளவுக்குள், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், வானம் திறந்திருப்பதால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி, தூண் தட்டையாகத் தெரியும். முகப்பில் வெளிச்சம் வாசல் பக்கமிருந்து மட்டும் வருகிறது. ஒரு பக்கம் வெளுப்பு, போகப் போகக் கறுப்பு, கடைசி ஓரத்தில் தரையின் வெளிச்சம் எகிறி ஒரு மெல்லிய கீற்று. ஐந்து கட்டமும் தூணிலேயே இருக்கிறது. ஆச்சி கொடுத்த இடமும் அண்ணன் கொடுத்த தாளும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று உதவின.

வண்ணத்துக்குத் தடித் துண்டு. ஒரு முனையில் மஞ்சள், மறுமுனையில் நீலம், நடுவில் நாலு கட்டம். ஒரு கரண்டி மஞ்சளை எடுத்துக்கொண்டு தூரிகை நுனியில் தொட்ட நீலத்தை அதில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் புட்டி மஞ்சளும் தீர்ந்துவிடும், பச்சை வெளுக்காது. ஊதா வராமல் பழுப்பு வருகிறதே என்று வீட்டில் கேட்கும் அம்மாக்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம், தப்பு பிள்ளைமேல் இல்லை. ஸ்கார்லெட், வெர்மிலியன் போன்ற சிவப்பில் ஏற்கெனவே மஞ்சள் சாயல் உண்டு. மூன்று மூலநிறமும் சேர்ந்தால் பழுப்புத்தான் வரும். நீலச் சாயல் உள்ள கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரீன் நீலமும் வாங்கிக் கொடுங்கள், ஊதா தானாக வரும். சத்துணவு அக்காவின் டின்கள் ஆளுக்கு இரண்டு வேண்டியிருந்ததும் இதற்குத்தான். ஒன்றில் கழுவ, இன்னொன்றில் அலச. ஒரே தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தால் மூன்றாவது கட்டத்தோடு எல்லாம் சேற்று நிறம். தூரிகையை டின்னுக்குள் நிற்க வைக்கவும் விடுவதில்லை, முடி வளைந்தால் திரும்ப நிமிராது.

மெல்லிய துண்டுகளில் பிள்ளைகள் பனையோலைக் கொட்டானின் (கூடையின்) பின்னலைத் தேய்த்து எடுக்கிறார்கள், கதவுச் செதுக்கலையும்தான். கிரயானின் காகித உறையை உரித்துப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லிலும் முயன்றார்கள், பூ வரவில்லை. கண்ணாடிமேல் வார்த்த கல், மேடு பள்ளமே கிடையாது, எதைத் தேய்ப்பது? கண்ணுக்குத் தெரியும் பூ கைக்குத் தெரியாது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

மூலை மழுக்கிய அட்டைகள் ஒன்றாம் வகுப்புக்கு. ஓர் அங்குல அளவுக்கு உடைத்த கிரயான் துண்டோடு கொடுக்கிறோம். முழுக் கிரயானைப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும். துண்டானால் விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும், எழுதும் பிடி அதிலேயே பழகிவிடும். அந்த அட்டைகளில் தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதர்கள் வருகிறார்கள், வானம் மேலே ஒரு பட்டையாக நிற்கிறது, வீட்டுச் சுவருக்குள் இருக்கும் பாட்டி வெளியே தெரிகிறாள். தயவுசெய்து யாரும் திருத்த வேண்டாம். அந்த வயதில் பிள்ளை கண்ணில் படுவதைவிடத் தனக்குத் தெரிந்ததைத்தான் வரையும். ஒன்பது, பத்து வயதில் தானாகவே "இது சரியாக இல்லையே" என்று கேட்கும். டம்ளரின் வாய் ஏன் முட்டை வடிவாகத் தெரிகிறது, அடி ஏன் நேர்க்கோடாக இல்லை என்று சொல்லிக்கொடுக்கும் நேரம் அப்போதுதான்.

பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. பிள்ளைக்கு வரையக் கிடைப்பது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்தான். பொருள் விலை என்று நாமும் சொல்லிக்கொண்டிருந்துவிடுகிறோம். கட்டிங் மெஷினுக்குக் கீழே தினமும் விழுவது ஒரு வகுப்புக்குத் தாராளமாகக் காணும். பிரித்துக் கொடுக்க ஒரு மனுஷர் வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணே, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறோம். புதுக் காகிதம் வாங்கப் பணம் வந்திருக்கிறது, வாங்கவும் போகிறோம். ஆனாலும் இனி எந்தப் பிள்ளை புதிதாகச் சேர்ந்தாலும் முதல் மாதம் ஓரத் துண்டில்தான். அந்த மாதம் ரப்பரும் கிடையாது. மெல்லிய தாளை ரப்பர் தேய்த்துப் பஞ்சாக்கிவிடும். கோடு தப்பினால் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம், துண்டு போனால் இன்னொரு துண்டு இருக்கிறது. கட்டுகளின் மேல் நீங்கள் எழுதிய ஐந்து வரியையும் நாங்களே பார்த்து எழுதிப் பொருள் அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டோம், இனி வரும் தாளையெல்லாம் அந்த வரிப்படிதான் பிரிப்போம்.

நீங்கள் அனுப்பியது எங்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறது. தேவகோட்டை, புதுவயல், கண்டனூர்ப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் யாருக்கு வேண்டுமோ, சனிக்கிழமை காலையில் ஒரு பையோடு முகப்புக்கு வாருங்கள். பென்சிலுக்கான சொரசொரப்புத் துண்டும் தடித் துண்டும் தருகிறோம், கிழித்துப் பார்க்கும் முறையையும் ஐந்து கட்டத்தையும் அங்கேயே உட்கார்ந்து காட்டிவிடுகிறோம். மூலை மழுக்கிய அட்டை மட்டும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறோம், அதைக் கேட்க வேண்டாம்.

நன்றியுடன்,
சனிக்கிழமை ஓவிய வகுப்பு ஆசிரியர்கள்