வண்டி ஓட்டும் பெற்றோருக்கு: சைக்கிளில் வரும் பிள்ளைக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

மதுரை,
அக்டோபர் மாதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி வந்துவிட்டது. செல்லூர், ஆழ்வார்புரம் பக்கமிருந்து வைகையைத் தாண்டி வருகிறவர்கள், தெப்பக்குளத்திலிருந்து காமராசர் சாலை வழியாக வருகிறவர்கள் என்று காலை எட்டரை மணிக்கெல்லாம் சாலையில் நம் பிள்ளைகளின் சைக்கிள்கள் கூடிவிடுகின்றன. பிள்ளைகள் எப்படி ஓட்ட வேண்டும் என்பதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதம் அவர்களுக்குப் பின்னால் வண்டியில் வரும் உங்களுக்கு. நம் பெற்றோர்களில் ஆட்டோ, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் உண்டு. டவுன் பஸ், தண்ணீர் லாரி, சரக்கு வேன் ஓட்டுகிறவர்களும் உண்டு. மற்றவர்கள் வீட்டில் ஒரு பைக்காவது இருக்கும்.

வைகைமேல் உள்ள ஏ.வி. பாலத்தில் ஒரு பிள்ளையின் சைக்கிளுக்குப் பின்னால் ஹாரன் அடிக்காமல் பொறுமையாக வரும் பஸ் ஓட்டுநர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி நன்றி சொல்கிறது. நல்ல மனசோடு கணக்கும் தெரிந்திருப்பதால்தான் அவர்களால் அப்படி ஓட்ட முடிகிறது. அந்தக் கணக்கை எல்லோருக்கும் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் இடைவெளி. சைக்கிளைத் தாண்டும்போது உங்கள் வண்டியின் இடப்பக்க விளிம்புக்கும் பிள்ளையின் வலது கைக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். சும்மா ஒரு எண்ணைச் சொல்லவில்லை. பிள்ளை தடுமாறி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் தலை வந்து படும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஜெர்மனியில் 2020 முதல் நகருக்குள் சைக்கிளைத் தாண்ட இதே ஒன்றரை மீட்டர் சட்டமாகவே இருக்கிறது.

இப்போது நம் சாலையில் வைத்துப் பார்ப்போம். சாக்கடை மூடி, மணல், உடைந்த தார் விளிம்பு இவற்றுக்காகப் பிள்ளை ஓரத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளித்தான் ஓட்ட முடியும். ஹேண்டில்பாரின் அகலம் அரை மீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 1.1 மீட்டர். அதோடு ஒன்றரை மீட்டரைக் கூட்டினால் 2.6. நகரச் சாலையில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக மூன்றரை மீட்டர். மீதி இருப்பது 90 சென்டிமீட்டர். ஆட்டோவின் அகலமே 1.3 மீட்டர், பஸ் இரண்டரை மீட்டர். ஆகவே அதே தடத்துக்குள் ஆட்டோவால்கூட சைக்கிளைப் பத்திரமாகத் தாண்ட முடியாது. வலது பக்கத் தடம் காலியாக இருந்தால் அதில் ஏறித் தாண்டலாம்; இல்லையென்றால் பின்னால்தான் வர வேண்டும். "கொஞ்சம் இடம் இருக்கிறதே, நுழைந்துவிடலாம்" என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் அந்த இடம் கிடையாது.

பின்னால் வருவதால் எவ்வளவு நேரம் போகும்? பிள்ளை மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 100 மீட்டரைக் கடக்க 24 வினாடி. நீங்கள் 30 கிலோமீட்டரில் போயிருந்தால் 12 வினாடி. ஆக, 100 மீட்டருக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது 12 வினாடி. பாலத்தில் இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே ஒதுங்கி இறங்க மண் ஓரமே கிடையாது. பாலத்தில் ஏறும்போதும் மேடான தெருக்களிலும் பிள்ளைகள் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பார்கள். அப்போது சைக்கிள் ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் ஆடும். எழுந்து நின்று மிதிக்கும் பிள்ளையை ஒட்டித் தாண்டவே கூடாது.

பின்னால் வரும்போது பிள்ளையின் உடம்பைப் பாருங்கள், அடுத்து என்ன செய்யப்போகிறது என்று அதிலேயே தெரியும். மிதிப்பது நின்றால் முன்னால் பள்ளமோ நாயோ இருக்கிறது, வலப்பக்கம் வெட்டி விலகக்கூடும். தலை வலது தோளுக்கு மேல் பின்னால் திரும்பினால் சாலையைக் கடக்கவோ வலப்பக்கம் திரும்பவோ நினைக்கிறது. பழகாத பிள்ளை தலையைத் திருப்பும்போது கையும் சேர்ந்து திரும்பி, சைக்கிள் தானாகவே வலப்பக்கம் ஒரு முழம் வந்துவிடும். இதற்காகவே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டை விட்டு விலகாமல் பின்னால் பார்க்கப் பழக்குகிறோம். கைவர நாளாகும்.

ஹாரனால் வரும் கெடுதல் இங்கேதான். சைக்கிளுக்கு ஐந்து மீட்டர் பின்னால் வந்து திடீரென்று ஹாரன் அடித்தால் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்தால் உங்கள் வண்டி வரும் பக்கமே சாயும். ஒதுங்கச் சொல்லி அடித்த ஹாரனே பிள்ளையை உங்கள் முன்னால் கொண்டுவந்து விடுகிறது. அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் 30 மீட்டர் தூரத்திலேயே சின்னதாக ஒருமுறை அடியுங்கள். பல குரலில் அலறும் ஏர் ஹாரன்களை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடை செய்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பின்னால் அதை அடிக்கவே வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

ஷேர் ஆட்டோ, டவுன் பஸ் ஓட்டும் பெற்றோர்கள் அடுத்ததைக் கவனமாகப் படிக்க வேண்டும். சைக்கிளைத் தாண்டிய உடனே, கைகாட்டும் பயணிக்காகவோ நிறுத்தத்துக்காகவோ இடப்பக்கம் வெட்டுவதுதான் மிகவும் ஆபத்தான காரியம். உங்களுக்கு சைக்கிளைத் தாண்டியாயிற்று என்று தோன்றும். ஆனால் நீங்கள் வேகத்தைக் குறைத்த கணமே சைக்கிள் உங்கள் இடப்பக்கச் சக்கரத்தோடு ஒட்டி வந்திருக்கும். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக ஓரத்தை நோக்கி வெட்டும். முன்பகுதி தாண்டியதைப் பார்த்து நிம்மதியாக இருக்கும் பிள்ளையைப் பின்சக்கரம் ஓரத்தில் நெருக்கிவிடும். பஸ், லாரி ஓட்டுநர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் முன்பக்க இடது மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்கே தெரியாமல் போகலாம்.

செய்ய வேண்டியது எளிது. நிறுத்தமோ திருப்பமோ 50 மீட்டருக்குள் இருந்தால் சைக்கிளைத் தாண்டவே வேண்டாம், அது போன பிறகு பின்னாலேயே ஒதுங்குங்கள். 30 மீட்டருக்கு முன்பே இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, இடது கண்ணாடியை ஒருமுறையல்ல, இரண்டுமுறை பாருங்கள். முதல் தடவை தெரியாத சைக்கிள் இரண்டாம் தடவை தெரியும். பஸ்ஸில் நடத்துநராக இருக்கும் பெற்றோர்களே, படியில் நின்று பின்னால் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான். இடப்பக்கம் சைக்கிள் வந்தால் உங்கள் விசில்தான் ஓட்டுநருக்குக் கண். அது கடந்த பிறகு "ரைட்" கொடுங்கள். ஆட்டோவில் பயணியை இறக்கும்போது வண்டியை ஓரத்தோடு ஒட்டி நிறுத்துங்கள். ஓரத்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவே ஒரு மீட்டர் சந்து விட்டால் பிள்ளைகள் அதில் நுழைவார்கள், பயணி அவர்கள் மேலேயே இறங்குவார்.

நல்ல மனசோடு செய்யும் ஒரு தவறும் இருக்கிறது. சாலையைக் கடக்க நிற்கும் பிள்ளையைப் பார்த்து வண்டியை நிறுத்தி, கையசைத்து "போ, போ" என்பது. உங்கள் வண்டி நிற்கிறது. ஆனால் உங்களுக்கு வலப்பக்கத் தடத்தில் வரும் பைக்காரருக்கு நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று தெரியாது. உங்கள் பஸ்ஸோ வேனோ பிள்ளையை அவரிடமிருந்து மறைத்திருக்கும். பெரியவர் கைகாட்டினால் பிள்ளை நம்பிப் போய்விடும். ஆகவே கையசைக்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்துப் பின்னால் வருகிறவர்களையும் மெதுவாக வரச் செய்யுங்கள், பிள்ளை தானே பார்த்து முடிவெடுக்க நேரம் கொடுங்கள். யார் கையசைத்தாலும் இரண்டாவது தடத்தை எட்டிப் பார்க்காமல் கடக்கக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறோம்.

வேகத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்தால், காய்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் வேண்டும், 50 கிலோமீட்டரில் ஏறத்தாழ 28 மீட்டர். பள்ளிக்கு முன்னும் பின்னும் 200 மீட்டருக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

இது ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். எஃகு ரிம் உள்ள சைக்கிளில் ரிம் நனைந்தால் ரப்பர் பிரேக் கட்டை வழுக்கும். பிரேக் பிடித்த பிறகும் சக்கரம் ஓரிரு சுற்று சுற்றி நீர் வழிந்தபின்தான் பிடிக்கும். காய்ந்த நாளில் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் சைக்கிள் நிற்கும் என்று எதிர்பார்த்து ஓட்டுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் பள்ளமோ திறந்த மூடியோ இருக்கலாம் என்று பயந்து பிள்ளைகள் சாலை நடுவுக்கு வருவார்கள். அது அடாவடி அல்ல. தண்ணீர் தேங்கிய இடத்தில் நீங்கள் வேகமாகப் போனால் சேறு பிள்ளையின் முகத்தில் அடித்து ஒரு கணம் கண் தெரியாமல் போகும், விழ அதுவே போதும். சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்குப் பிள்ளைகள் கிளம்பும்போது இந்த மாதங்களில் இருட்டத் தொடங்கிவிடுகிறது. எதிரே சைக்கிள் வந்தால் ஹெட்லைட்டை டிம் செய்யுங்கள். சைக்கிள் ஓட்டுகிறவருக்குக் கண்கூசினால் சாலை விளிம்பே தெரியாது.

பள்ளி வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வாசலில் காலை நேர நெரிசலை உண்டாக்குகிறவர்களில் பிள்ளைகளை இறக்கிவிட வரும் பெற்றோர்களே அதிகம். வாசலுக்கு நேரே நிறுத்தாமல் 100 மீட்டர் தள்ளி நிறுத்தி நடக்க விடுங்கள். வாசல் முன்னால் யூ-டர்ன் அடிக்க வேண்டாம். காரில் வருகிறவர்கள் ஓட்டுநர் பக்கக் கதவை இடது கையால் திறக்கப் பழகுங்கள். இடது கையை நீட்டினால் உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பி, கண் பின்னால் சாலையைப் பார்க்கும். வலது கையால் திறந்தால் பின்னால் வரும் சைக்கிள் தெரியாமலே கதவு திறந்துவிடும். மாசி வீதிகளில் கடை ஓரம் வரிசையாக நிற்கும் வண்டிகளை ஒட்டித்தான் சைக்கிள்கள் போகின்றன என்பதால் அங்கேயும் இந்தப் பழக்கம் உதவும். பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளை இடப்பக்கமாகவே, ஓரத்தில் யாரும் வரவில்லை என்று பார்த்து இறங்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஐந்து நிமிட வேலை ஒன்று. புதுச் சைக்கிள் என்று நம்பி விடாமல் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் திரும்பினால் நட்டு இறுகவில்லை. பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் போதும். பிரேக்கை முழுக்கப் பிடித்தாலும் அது கைப்பிடியைத் தொடக் கூடாது. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா, துடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட வேண்டும். புத்தகப் பையைக் கேரியரில் வைத்துக் கட்டி, தொங்கும் வாரைச் சுருட்டிச் செருகிவிடுங்கள், சக்கரத்தில் சிக்கும். மாணவிகள் துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொள்ளட்டும்.

"சைக்கிள் ஆபத்து, ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்று நினைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 199ஏ-யின்படி பொறுப்பு பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்சும் கிடைக்காது. இந்த வயதுக்குச் சைக்கிள்தான் சரியான வண்டி.

எங்காவது ஒரு பிள்ளை விழுந்து கிடந்தால், அது யார் பிள்ளை என்று பார்க்காமல் நில்லுங்கள். உங்கள் வண்டியைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தி, விளக்கைப் போட்டு, மற்ற வண்டிகள் மேலே ஏறாமல் பாருங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். உதவிய ஒருவர்மேல் வழக்கு வராது என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134ஏ பாதுகாப்புத் தருகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். செலவுக்குப் பயந்து யாரும் விலகிப் போக வேண்டாம்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கிறது. ஆட்டோ, வேன், லாரி ஓட்டும் பெற்றோர்கள் முடிந்தால் வண்டியோடு வாருங்கள். வண்டிகளை மைதானத்தில் நிறுத்தி, பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைப்போம். இன்னொரு பிள்ளை சைக்கிளோடு வண்டியைச் சுற்றி வரட்டும். எந்த இடத்தில் சைக்கிள் கண்ணாடியில் தெரியாமல் போகிறதோ அந்த இடத்தைத் தரையில் கோடு போட்டு அடையாளம் செய்வோம். பிறகு ஓட்டுநர்கள் சைக்கிளில் ஏறி, ஓர் ஆட்டோ அரை மீட்டர் தள்ளியும் ஒன்றரை மீட்டர் தள்ளியும் தாண்டிப் போகும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அளவு நாடாவும் சுண்ணாம்பும் பள்ளியில் இருக்கின்றன. வண்டி கொண்டுவருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டால் கதவைத் திறந்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்