கேமராவுக்குத் தனி வலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிசிடிவி கேமராவும் கணக்குப் பார்க்கும் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும் அலுவலகங்கள் ஏராளம். கேமராவின் பாஸ்வேர்டு கசிந்தால் கணக்குவரை வழி திறந்துவிடும். கேமரா பொருத்துபவர்களே வலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். புதுக் கேபிள் தேவையில்லை. ஒரே கேபிளில் பல தனி வலைகளை ஓட்டும் முறையான வி-லேன் (VLAN) தெரிந்த ஸ்விட்ச் இருந்தால் போதும்.

பிஎஃப்சென்ஸ் (pfSense) என்ற ஃபயர்வால் மென்பொருளில், உள்வலைக்கான லேன் போர்ட்டின் மேல் 20 என்ற எண்ணில் ஒரு வி-லேன் உருவாக்கி, அதைப் புதிய இடைமுகமாக அசைன் செய்து, எனேபிளில் டிக் போட்டு, 192.168.20.1 என்று முகவரி கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். முகவரிக்குப் பக்கத்தில், வலையின் அளவைச் சொல்லும் மாஸ்க் 32 என்றே நிற்கும். 24 ஆக மாற்றாவிட்டால் அந்த வலையில் வேறெந்தக் கருவிக்கும் இடமிருக்காது.

கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியை இயக்கியதும் ஐபி வந்துவிடும், ஆனால் ஃபயர்வாலுக்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங்கூடப் போகாது. பழுதென்று பதற வேண்டாம். புதிய இடைமுகத்தில் அனுமதி விதி எதுவும் இராது என்பதே காரணம். ரெக்கார்டரையும் வி-லேன் 20-லேயே வைத்தால், ஒரே வலைக்குள் ஓடுவது ஃபயர்வால் வழியாகப் போகாததால், கேமராவுக்கு அனுமதி விதியே தேவைப்படாது.

ஐபியே வரவில்லையா? ஸ்விட்சைப் பாருங்கள்: ஃபயர்வால் செருகிய போர்ட்டில் 20 டேக்டு (வலை எண்ணைச் சேர்த்தே அனுப்புவது), கேமரா போர்ட்டில் அன்டேக்டு (எண் சேர்க்காமல் அனுப்புவது) என்று இருக்க வேண்டும். கேமரா போர்ட்டில், எண் இல்லாமல் வரும் தரவு எந்த வலையைச் சேரும் என்று சொல்லும் பிவிஐடியை 20 ஆக்காமல் 1-லேயே விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள்